படலைத் தூணில் ஒரு குண்டு

விடியற்காலையில் வெடிச்சத்தம் கேட்டதிலிருந்து நேசமலர் குழந்தையை மடியிலிருந்து இறக்கவில்லை. வெளிச்சம் வந்ததும் கணவன் அல்பேர்ட், வெளிவாசல் படலைத் தூணில் புதைந்திருந்த ஈயக் குண்டைக் கத்தியால் நெம்பி எடுத்தான். ஜெர்மனியில் அகதிகளின் வீடுகளுக்குத் தீ வைத்துக்கொண்டிருந்த காலம் அது.

"முன்வீட்டு வில்கென் கிழவர் வேட்டைக்காரர். அவரிட்டைக் கேப்பம்."

"இஞ்சேருங்கோ, அந்தாள் எங்களைப் பாத்து ஒருநாளும் சிரிச்சதில்லை. அவரே சுட்டிருந்தால்?"

அல்பேர்ட் நிற்கவில்லை. குழந்தையை இறுக்கி அணைத்தபடி அவளும் பின்னால் போனாள்.

குண்டைக் கண்டதும் கிழவரின் முகம் மாறியது.

"கடைக் குண்டென்றால் செம்பு உறை இருக்கும். இது வீட்டில் ஈயம் உருக்கி வார்த்தது. அடிப்பள்ளத்தில், குழலில் வழுக்கிப் போகப் பூசிய மெழுகு இன்னும் இருக்கிறது, பாருங்கள். நெம்புகோல் இழுத்துச் சுடும் பழைய துவக்குக்கு உரியது."

"அந்தத் துவக்கு இங்கே யாரிடம் இருக்கிறது?" தனக்குத் தெரிந்த டொச் மொழியில் கேட்டான் அல்பேர்ட்.

கிழவர் அலமாரியைத் திறந்து துவக்கைக் காட்டினார். "என்னிடம் மட்டும்தான்."

நேசமலர் வாசலை நோக்கிப் பின்வாங்கினாள்.

"பயப்படாதே, பிள்ளை. விடியற்காலையில் மூன்று பேர் பெட்ரோல் போத்தல்களோடு உங்கள் படலையைத் திறந்தார்கள். கத்தினேன், கேட்கவில்லை. சுட்டேன், ஓடிவிட்டார்கள்."

சொல்லிவிட்டுக் கிழவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நிலத்துக்குத்தான் குறிவைத்தேன். கண் மங்கிவிட்டது. தூணை நானே சரிசெய்து தருகிறேன்."