கயலி பற்றிய ஒரு திருத்தம்

“கயலி சாகேல்லை, அக்கா. அவ செத்துப்போனா எண்டு நீங்கள் எழுதியிருக்கிறியள்.”

படலைக்கு வெளியே நின்றவனுக்கு முப்பதுக்குக் கிட்ட வயது இருக்கும். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், நித்திரையைக் கண்டு கனகாலமான முகம். அவன் கையிலிருந்த புத்தகத்தைப் பெர்னடெட் தூரத்திலேயே அடையாளம் கண்டாள். கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சான அந்தப் புத்தகம் அவள் எழுதியது.

கயலி இந்தப் பூமியில் பிறந்தவள் அல்ல. பெர்னடெட்டின் கணவர் அடைக்கலநாதன் மாஸ்டர் எழுதிய ‘கரையில்லாக் கோள்’ என்ற விஞ்ஞான நாவலில் வருகிற தோணி ஓட்டி. தரையே இல்லாத உலகம் அது. நாற்பத்திரண்டு மிதக்கும் ஊர்கள், மூன்று நிலவுக்கு மூன்று நாட்காட்டி, ஆளுக்கு இரண்டு பெயர். மூன்று பாகம் வந்தது. வாசித்தவர்களில் பாதிப்பேர் நடுவழியில் தொலைந்து போனார்கள்.

நாலாம் பாகத்துக்கு அவர் பேனையை எடுக்குமுன், தொண்ணூறாம் ஆண்டு வைகாசியில் இயக்கத்திலிருந்து இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள். “மாஸ்டர், உங்கடை கதையிலை வாற ராசா ஆர்? ஒருக்கா வந்து விளங்கப்படுத்திப் போட்டு வாங்கோ” என்று கூட்டிப் போனார்கள். அவர் திரும்பி வரவில்லை.

அந்தக் கிழமையே பெர்னடெட் அந்த நாவலுக்கு ஓர் அகராதி எழுத உட்கார்ந்தாள். ஒவ்வொரு ஊர், ஒவ்வொரு மீன், ஒவ்வொரு ராசா. எந்தப் பாகம், எந்தப் பக்கம், எல்லாம் அகர வரிசையில். இது முழுக்கக் கற்பனை, இதில் யாழ்ப்பாணத்து ஆள் ஒருவரும் இல்லை என்று சொல்லுக்குச் சொல் காட்டினால் அவரை விட்டுவிடுவார்கள் என்று நம்பினாள். அந்தக் கையெழுத்துக் கட்டை அவர்களுடைய முகாமுக்குக் கொண்டுபோய் நீட்டியபோது வாங்கிப் பார்க்கக்கூட ஒருவரும் இல்லை.

குருநகரை விட்டு இடம்பெயர்ந்து சண்டிலிப்பாய்க்கு வந்த பிறகு, அவரைக் கொண்டுபோய் நாலு வருஷம் கழித்துத்தான் அதை அச்சில் பார்த்தாள்.

“மூண்டாம் பாகம் கடைசிப் பக்கத்திலை கயலியின்ரை தோணி கவிழுது, தம்பி. அதுக்குப் பிறகு அவர் ஒண்டும் எழுதேல்லையே.”

“எழுதேல்லை. சொன்னவர்.”

பெர்னடெட்டின் கை படலையை இறுகப் பிடித்தது. “எங்கை?”

“அங்கைதான். அறையிலை இருந்த ஆக்களுக்கு. பின்னேரம் சோறு குடுத்து முடியத்தான் தொடங்குவார். எனக்குக் கிழமைக்கு மூண்டு நாள்தான் கேக்கக் கிடைச்சது.”

ஆட்களை அறைக்கு அறை மாற்றியிருப்பார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். உள்ளே கூட்டிவந்து இருத்தி, தேத்தண்ணியும் ஒரு துண்டுப் பனங்கட்டியும் கொடுத்தாள். அவன் அதைத் தொடாமல் கதையைச் சொல்லத் தொடங்கினான்.

கவிழ்ந்த தோணிக்குக் கீழே கயலி இறங்கிப் போகிறாள். தண்ணீருக்கு அடியில், ஒரு வரைபடத்திலும் இல்லாத நாற்பத்துமூன்றாம் ஊர் இருக்கிறது. அங்கேதான் தெரியவருகிறது, ராசா என்று ஒருவரும் இல்லை. பக்கத்து ஊரில் ராசா இருக்கிறார் என்று ஒவ்வொரு ஊரும் நம்பிப் பயந்துகொண்டிருக்கிறது.

“இனித்தான் விசயம் இருக்கு” என்று சொல்லி அவன் மூச்சு விட்டான். அதே சொல், அதே இடைவெளி. அடைக்கலநாதன் அடுக்களை வாசலில் நின்று அவளுக்குக் கதை சொல்கிற மாதிரியே இருந்தது.

அவள் பேனையை எடுத்துப் புத்தகத்தின் ஓரங்களில் எழுதிக்கொண்டே வந்தாள். ‘கயலி: இறந்தாள்’ என்றிருந்ததைத் தானே வெட்டினாள்.

“என்னைப் பற்றி ஏதும் கதைச்சவரோ?”

அவன் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். “கயலிக்கு இடப்பக்கத்து நாடியிலை ஒரு தழும்பு இருக்கெண்டு சொன்னவர். சின்னனிலை மீன் முள்ளுக் கிழிச்சதாம்.”

மூன்று பாகத்திலும் இல்லாத செய்தி அது. பெர்னடெட்டின் விரல் தன்னையறியாமல் தன் மோவாயில் இருந்த தழும்புக்குப் போனது. இத்தனை வருஷமாக ஒரு யாழ்ப்பாணத்து ஆளும் இல்லை என்று எழுதிக்கொண்டிருந்தோமே என்று நினைத்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“பிறகு?”

“கயலி அந்த ஊரின்ரை வாசலுக்கு வந்திட்டா. அண்டைக்கு அவ்வளவுதான் சொன்னவர். விடிய அவரைக் கூட்டிக்கொண்டு போட்டினம்.”

“எங்கை?”

அவன் தொடாத தேத்தண்ணியைத் தள்ளி வைத்தான். அது ஆறிப்போயிருந்தது. பெர்னடெட் மெல்ல நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். நாலு வருஷமாகக் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அவள் எழும்பி வந்து அவனுடைய கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்துக்கொண்டாள். “அவரின்ரை கதையைச் சொல்ல நீராவது உயிரோடை வந்தீரே, தம்பி. உம்மை எப்ப விட்டவங்கள்?”

அவன் கையை உருவிக்கொண்டான்.

“என்னை ஒருத்தரும் அடைச்சு வைக்கேல்லை, அக்கா. அந்தக் கதவைப் பூட்டித் திறக்கிற திறப்பு என்னட்டைத்தான் இருந்தது.”