கழுவிய ரின்

தலைநகரை ஒட்டிய இஷொய் என்ற இடத்து அடுக்குமாடியின் வாசற்படியில் நிற்கிற சுபாங்கனின் கழுத்துச் சங்கிலியில் மாலை வெயில் பட்டுத் தெறிக்கிறது. வெறும் தங்கப் பூச்சுதான், எடுக்கிற பாட்டுப் படத்தில் தெரியாது. வாடகைக்கு எடுத்த கறுப்புக் காரிலிருந்து அவனுடைய ராப் பாட்டு அலறுகிறது. வாசல் கண்ணாடி அதிர்கிறது. நண்பன் ஜெரோசன் கமராவைத் தரையோடு தாழ்த்திப் பிடித்திருக்கிறான். முரட்டுத் தெருவின் தோற்றம் போதாதென்று, சுபாங்கன் வளர்ந்த தூரத்துச் சிற்றூரான இக்காஸ்டில், வீட்டில் அவன் அம்மா மறுசுழற்சிக்கென்று கட்டிவைத்திருந்த குப்பையைக் கொண்டுவந்து படியெங்கும் கொட்டியதும் அவர்கள்தான்.

முதியோர் இல்லத்து நீலச் சீருடையோடு வேலை முடிந்து வருகிற பெண்ணொருவர் படியைக் கண்டு திகைத்து நிற்கிறார். "தம்பி தமிழோ? ஐயோ, எங்கட பிள்ளை பாட்டுப் படம் எடுக்க வந்த இடத்தில இப்பிடிக் குப்பை. இஞ்ச இருக்கிற எங்களுக்கெல்லோ வெக்கம்!" கையிலிருந்த பையை உதறி விரித்து, குனிந்து பொறுக்கத் தொடங்குகிறார். "விடுங்கோ அன்ரி" என்று சுபாங்கன் முணுமுணுக்கிறான். காரிலிருந்து அவனுடைய பாட்டுக் குரல், இந்தத் தெருவில்தான் தான் வளர்ந்ததாக முழங்கிக்கொண்டிருக்கிறது. ஜெரோசன் ஓடிப்போய்ப் பாட்டை நிறுத்துகிறான். கடைசிப் படியில் ஒரு வெறும் தேங்காய்ப்பால் தகர ரின். எடுத்தவரின் கை அப்படியே நிற்கிறது. ரின்னின் உட்புறம் வெள்ளியாய் மினுங்குகிறது. திறந்து கிடக்கும் கார் டிக்கியையும், அதிலுள்ள மிச்சக் குப்பை மூட்டையையும் பார்க்கிறார். சுபாங்கனின் விரல்கள் சங்கிலியைச் சட்டைக்குள் தள்ளுகின்றன.

"உங்கட அம்மா நல்ல வடிவாக் கழுவித்தான் வச்சிருக்கிறா, தம்பி," என்று ரின்னை அவனிடம் நீட்டுகிறார்.