தோளுக்கு வந்த பலம்

"ஏனுங்க, கையால சுத்தாதீங்க. இடுப்புல இருந்து திருப்புங்க!"

ராஜகுமாரி அதட்டினாள். கோவையில் உடற்பயிற்சிக் கூடம் நடத்திய அவள் தந்தையின் இரும்புக் கதாயுதம், கணவன் கருணாகரனின் கையில் தடுமாறியது.

"குண்டு மண்டையில விழுந்தா?"

"பயமா இருந்தா குண்டுக்குப் பக்கத்துல புடிங்க. பழகப் பழகக் கையைக் கீழ எறக்கிக்கலாம்."

போன வருடம் மலையில் தேயிலை விலை சரிந்தது. அவனும் சரிந்து படுக்கையில் விழுந்தான். இருவரும் தம் கைகளால் நட்ட தோட்டம், கேட்பாரற்றுப் புதர் மண்டியது. அவன் மீண்டும் அதில் இறங்க வேண்டும் என்பதே அவளுடைய ஒரே ஏக்கம். "தோளுக்குப் பலம் வேணும், சொல்லிக் குடு" என்று அவனே கேட்டபோது, அவள் உள்ளம் துள்ளியது.

வாரங்கள் கடந்தன. கதாயுதம் அவன் முதுகுக்குப் பின்னே வட்டமிட்டுத் திரும்பியது.

"தோட்டத்துக்குப் போலாமுங்களா?"

"இன்னுங் கொஞ்சம் தெம்பு வரட்டும், குமாரி."

ஒரு காலை, படுக்கை காலியாக இருந்தது. பூரிப்போடு தேநீரை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினாள்.

வெட்டுண்ட தேயிலைச் செடிகள் வேரோடு வரிசையாய்க் கிடந்தன. நடுவே, கோடரியுடன் கருணாகரன்.

"ஆள் வெச்சுப் புடுங்க வக்கில்ல, குமாரி. கேரட் போட்டாலாவது அடுப்பெரியும்."

அவன் அடுத்த செடியருகே காலை ஊன்றினான். கோடரி முதுகுக்குப் பின்னே சுழன்று வந்து வேரில் இறங்கியது.

ராஜகுமாரி கண்ணீரினூடே பார்த்தாள். இடுப்பு சரியாகத் திரும்பியது, தோள் தளரவில்லை.

திருத்திச் சொல்ல ஒரு பிழையும் இல்லை.