போன் ஒருசந்தி

"போனைக் குடு, ஜெஸி."

"இது மட்டும் எங்கிட்ட இருக்கட்டும் அங்கிள். சத்தியமா ரீல் எதுவும் பாக்க மாட்டேன்."

நீட்டிய கையைச் சூசைமாணிக்கம் மடக்கவில்லை. தாராவி மாதா கோயில் இளையோர் குழுவுக்கு அவர்தான் செக்ரட்டரி. தவக்காலத்தில் பெரியவர்கள் ஒருவேளைச் சாப்பாட்டை விட்டு ஒருசந்தி இருக்கிறார்களே, அதே மாதிரி பிள்ளைகள் ஒரு நாள் போனை விட்டு இருக்கட்டுமே என்பது அவர் ஏற்பாடு. ஞாயிறு காலைப் பூசை முடிந்த கையோடு முப்பத்தெட்டு போன்கள் கோயில் ஹால் பீரோவுக்குள் போய்விட்டன. இவள் ஒருத்திதான் பாக்கி.

"ஒரு நாள் இருக்க முடியாதாட்டி ஒனக்கு? அப்படி யாருட்ட பேசணும்?"

ஜெஸி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒருத்தன் அங்கிள். மணிக்கொரு தடவை நான் பேசியாகணும். இல்லேன்னா ரொம்பக் கஷ்டப்படுவான்."

ஹாலே கொல்லென்று சிரித்தது. "லவ் மேட்டர் அங்கிள்" என்று பின்னால் யாரோ எடுத்துக் கொடுத்தார்கள்.

சூசைமாணிக்கத்துக்குப் போதாதா? தன் போனை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"பாருங்க மக்களே, காலேஜ் படிக்கிற பிள்ளை. போனை வாங்கினா அழுகை வருது. இதுகளோட மனசு நல்லா இருக்கணும்னுதான் நாங்க போன் ஒருசந்தி நடத்துறோம். லைக் போடுங்க, ஷேர் பண்ணுங்க."

அவள் கண் கலங்கினது சரியாக விழுந்திருக்கிறதா என்று இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துக்கொண்டார். போனைப் பிடுங்கிப் பீரோவில் போட்டு, சாவியைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

மனுஷன் பொல்லாதவர் இல்லை. ரீல் பைத்தியம், அவ்வளவுதான். 'பிள்ளைகளோடு மனசு விட்டுப் பேசுங்கள்' என்று பெற்றோருக்குப் புத்தி சொல்லி மட்டும் இதுவரை அறுபது ரீல் போட்டிருக்கிறார்.

"ஒங்க மவன் கிறிஸ்டோ வரலியா அங்கிள்?" குழுவில் இருந்த ஜெனி கேட்டாள்.

"தலைவலின்னு வீட்டுல படுத்திருக்கான். பன்னெண்டாங்கிளாஸ் பரீட்சைல்லா, கிடக்கட்டும்."

மத்தியானம் ரீலைத் திறந்து பார்த்தால் நாலே வியூ. லைக் ஒன்று. அதுவும் அவரே போட்டது.

"என்ன பிள்ளையளா, ஒருத்தரும் லைக் போடலியே?"

"அரே அங்கிள், எதுல போட?" என்றாள் ஜெனி. "எங்க போன் பூரா நீங்கதான பீரோவுல வச்சுப் பூட்டியிருக்கீய?"

சூசைமாணிக்கம் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார்.

"சரி, அஞ்சே நிமிஷம். எல்லாரும் லைக் போட்டு, செம்பூர், பாண்டுப்ல இருக்க சொந்தக்காரங்களுக்கெல்லாம் அனுப்பிட்டு, திரும்ப வச்சிரணும். அப்புறம் ஒருசந்தியைத் தொடரலாம்."

யாரும் சிரிக்கவில்லை. போன் கிடைக்கிற நேரத்தில் எவன் சிரிப்பான்?

பீரோவைத் திறந்தார். எல்லாவற்றுக்கும் மேலே ஜெஸியின் போன் அதிர்ந்துகொண்டே கிடந்தது. காலையிலிருந்து இது எத்தனையாவது அழைப்போ. கீறல் விழுந்த கண்ணாடியில் பெயர் தெரியவில்லை.

ஜெஸி ஓடி வந்தாள். "குடுங்க அங்கிள், அவன்தான். தயவுசெஞ்சு குடுங்க."

"நில்லு. அந்த ஒருத்தனை இன்னைக்கு நானே விசாரிக்கேன்."

"வேண்டாம் அங்கிள். எல்லாரும் இருக்காங்க."

"இருக்கட்டும். எல்லாருக்கும் பாடமா இருக்கும்."

அவள் போனை ஸ்பீக்கரில் போட்டார். இன்னொரு கையில் தன் போனைப் பிடித்து வீடியோவையும் ஓடவிட்டார். இதுவும் ஒரு ரீலுக்கு ஆகுமே.

அவர் தொண்டையைச் செருமுவதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்துவிட்டது. அழுது அழுது கம்மிப்போன குரல்.

"ஏன் ஜெஸி காலைல இருந்து எடுக்கல? பரீட்சைய நெனச்சாலே மூச்சு முட்டுது. ரூம் கதவைக்கூட நான் தெறக்கல. பயமா இருக்கு. இன்னொரு தடவை 'அப்பாட்ட சொல்லு'ன்னு மட்டும் சொல்லாத. மூணு தடவை சொல்லப் போனேன். மூணு தடவையும், 'இருலே, இந்த ரீலை முடிச்சிட்டு வாரேன்'னுட்டாரு."