காலியாக நிற்கும் ஆணி

ரைன் நதியில் எங்கள் பயணக் கப்பல் கயிறு அவிழ்க்கத் தயாராக நிற்கிறது. கப்பல் ஊழியனான நான் கவனிக்கும் படியோரப் பலகையில் ஒரே ஓர் ஆணி காலி. கரைக்கு இறங்குகிறவர்கள் தங்கள் எண் வில்லையை எடுத்துப் போவார்கள், திரும்பியதும் மாட்டுவார்கள். எல்லா வில்லையும் வராமல் கப்பல் நகராது. வராதது அறுபத்து மூன்று: ஃபோல்க்மார், எண்பத்தொரு வயது. அவர் மனைவி குட்ரூன் சிவப்புத் தொப்பியோடு என் முன்னால் வெளிறி நிற்கிறாள். "நீ முன்னால போ, நான் மெதுவா வரேன்னாரு. கோட்டை வரைக்கும் நான் திரும்பியே பாக்கல." மலைமேல் மார்க்ஸ்பர்க் கோட்டைச் சுவரில் மாலை வெயில் மஞ்சளாகக் காய்கிறது. மேல்தளத்தில் யாரோ மூன்று முறை தும்முகிறார்கள். குட்ரூன் நிமிர்கிறாள். "அது அவர்தான்." இருவரும் ஓடி ஏறுகிறோம். சாய்வு நாற்காலியில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருக்கிறார் ஃபோல்க்மார். மடியில் பைனாகுலர், சட்டைப் பையில் வில்லை. "கரையில நாலடி வச்சேன், முட்டி ஒத்துக்கல. திரும்பிட்டேன்." "அந்த வில்லைய மாட்டித் தொலைக்க வேண்டியதுதானே, மனுஷா? எனக்கு உயிரே போயிடுச்சு." "மறந்துட்டேன்," என்கிறவர் அவள் காலைப் பார்க்கிறார். "மலைப்பாதையில மூணாவது திருப்பத்துல உக்காந்து ஷூவ உதறினியே, கல்லு குத்திடுச்சா?" நான் வில்லையை வாங்கிக்கொள்கிறேன். குட்ரூன் பக்கத்து நாற்காலியில் சாய்ந்து, ஷூவைக் கழற்றிவிட்டு, அந்தக் காலை அவர் மடியில் தூக்கி வைக்கிறாள். கப்பல் நகர்கிறது.