கதவுக்குக் கீழே

“பட்டி பூச பதினோரு நாளாலே?”

பட்டறை வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார் காசிராஜன். டிங்கர் இசக்கிபாண்டி கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே வைத்தான்.

கூரையில்லாத, இரண்டே பேர் உட்காரும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். காசிராஜனின் அப்பா கொழும்பிலிருந்து கொண்டுவந்தது. முப்பத்திரண்டு வருஷமாக மேலே மட்டும்தான் துடைத்தார்கள். அடியில் அப்பிய கரிசல் மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு இரண்டையும் தின்றுவிட்டது. விரலால் அமுக்கினாலே அப்பளமாக நொறுங்கியது.

“கூரை இல்லாத வண்டி அண்ணாச்சி. இந்தத் தகடுதான் மொத்தத்தையும் தாங்குது. வெட்டி எடுத்துட்டுப் புதுசு வைக்கணும். இல்லன்னா ஒரு பெரிய குழியில விழுந்தா நடுவுல முறிஞ்சிரும்” என்று முதல் நாளே சொல்லியிருந்தான் இசக்கி.

“விக்கப்போற வண்டிக்கு எதுக்குடே அதெல்லாம்? ஓட்டையில பட்டிப் பசையப் பூசி பெயிண்ட அடி. தீப்பெட்டி மிஷின் வருது, எனக்கு ஷெட்டு காலியாகணும். மதுரைக்குப் போய் முறிஞ்சா நம்மளையா கேக்கப் போறான்?”

“சரி அண்ணாச்சி.”

நாலு நாள் வேலை. ஆறாம் நாள் காசிராஜன் எட்டிப் பார்த்தபோது கதவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் குறுக்கே இரும்புக் கம்பி வைத்திருந்தான்.

“இது எதுக்குலே?”

“பட்டி காயுற வரைக்கும் வண்டி ஆடக் கூடாதுல்லா.”

சோம்பேறிக்குச் சாக்கா கிடைக்காது என்று நினைத்துக்கொண்டு திரும்பினார்.

நல்லவேளை, இன்று வாங்குகிறவர் வருவதற்குள் பெயிண்ட் காய்ந்திருந்தது. மதுரை டாக்டர் மாயகிருஷ்ணன், ஆறு வயது மகளோடு வந்து இறங்கினார். வண்டியை இரண்டு சுற்று சுற்றினார். கதவைத் திறந்து மூடினார். முகம் மலர்ந்துவிட்டது.

“ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமா சார்?”

“தாராளமா. பாப்பாவையும் கூட்டிட்டுப் போங்க” என்றார் காசிராஜன். குழந்தையை அவரே தூக்கிச் சீட்டில் உட்கார வைத்தார்.

காசிராஜனோடு வந்திருந்த அவர் மகள் சத்யபிரியா கதவில் கை வைத்தாள். “அப்பா, நானும். பாப்பாவ மடியில வச்சுக்கிடுதேன். கடைசியா ஒரு தடவை.”

“நீ ஏறாத.”

“எட்டயபுரம் ரோடு வரைக்கும்தானப்பா.”

“ஏறாதன்னு சொல்லுதேன்ல. தள்ளி நில்லு.”

குரல் நடுங்கியது அவருக்கே கேட்டது. ஏறி உட்கார்ந்திருந்த டாக்டர் சாவியைத் திருப்பவில்லை. அவரையே பார்த்தார். பிறகு இறங்கி வந்து, குழந்தையைத் தூக்கிக் கீழே விட்டார்.

“உங்க பொண்ணு ஏறக் கூடாத வண்டியில என் பொண்ணு ஏறலாமா சார்?”



இசக்கி சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டான். கதவுக்குக் கீழே ஓங்கி அடித்தான். காசிராஜன் கண்ணை மூடிக்கொண்டார்.

கணீரென்றது.

கண்ணைத் திறந்தார். பெயிண்டும் காகித கனத்துக்குப் பட்டியும் உதிர்ந்த இடத்தில் புதுத் தகடு. ஓரத்தில் அரத்தால் ராவிய வெல்டிங் தடம்.

“வண்டிக்கு ஒண்ணும் இல்ல சார். அண்ணாச்சி மக இந்த வண்டியிலயே வளந்த பிள்ளை. ஒரு ரவுண்டு போயிட்டா அப்புறம் குடுக்க மனசு வராதுன்னு அண்ணாச்சி பயப்படுதாவ.”

டாக்டர் குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். “விக்கிற வண்டிக்கு யாருய்யா இவ்வளவு செய்வாங்க?”

இசக்கி காசிராஜன் பக்கம் திரும்பாமலே சொன்னான்:

“நான்தான் சார், பட்டியப் பூசி மூடிருவோம்னேன். ‘வாங்குதவிய வீட்லயும் பிள்ளைக இருக்கும்லாலே’ன்னு அண்ணாச்சிதான் ஏசிட்டாவ.”