பெயர் சொல்லாத குரல்

"மேரா நாம் நஹி போலேகா! பக்கத்து வீட்டுப் பச்சி அகேலா... ஐயோ, பாவம்!" என்று உடைந்த இந்தியில் ஆரம்பித்தாள், ஃபோனில் அந்தப் பெண்.

"தமிழ்லயே சொல்லுங்கோ," என்றாள், குழந்தைகள் ஹெல்ப்லைனில் வேலை பார்க்கும் ரோஹிணி.

"அப்பாடா! என் பேரை மட்டும் கேக்காதேங்கோ. பக்கத்து வீட்டுக் குழந்தை, ஸ்கூல் விட்டு வந்து தனியா படிக்கட்டுலயே உக்காந்திருக்கு. கூப்பிட்டாலும் வராது. யார் வீட்டுக்கும் போகக்கூடாதுன்னு அம்மா உத்தரவாம். அவ வர ஏழு மணியாறது."

"அந்த அம்மாகிட்ட நீங்களே சொல்லலாமே?"

"மூஞ்சியில அடிச்சாப்பல ஏதாவது சொல்லிட்டா?"

ரோஹிணி விலாசத்தைக் குறித்துக்கொண்டாள்.

உடனே லீவு சொல்லிவிட்டு ஏறிய ஜனக்புரி பஸ்ஸில் வழிநெடுக அந்தப் பேச்சுதான் அவள் மனதில் ஓடியது. இரண்டாம் மாடிப் படிக்கட்டில், மடியில் பையோடு உட்கார்ந்திருந்த ஸ்ம்ருதி துள்ளி எழுந்தாள்.

"அம்மா! இன்னிக்கு இவ்ளோ ஜல்தியா வந்துட்டே!"

மகளை இறுக அணைத்துக்கொண்டு, ரோஹிணி பக்கத்து வீட்டு மணியை அடித்தாள். கதவைத் திறந்தாள் சுந்தரவல்லி.

"மாமி, மத்தியானம் அந்த ஃபோனை எடுத்தது நான்தான்."

சுந்தரவல்லி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயையோ, நீயா!"

இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வருஷமாக, படியேறும்போதெல்லாம் ஒரு புன்னகையோடு விழுங்கிவந்த கேள்வியை ரோஹிணி அன்று கேட்டேவிட்டாள்.

"நான் வர்ற வரைக்கும் இவளை உங்காத்துல வெச்சுக்கறேளா மாமி?"